முக்கால் இன்ஜினியர்

அந்தப் பட்டப்பெயரை அவளுக்கு வைத்தவர் அவளுடைய முதலாளிதான். அவள் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம் அது. கட்டடம் கட்டுகிற ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, "இந்த பீமுக்கு எதுக்கு சார் இவ்வளவு ஆழம்? பாதியா குறைச்சா என்ன?" என்று கேட்டார். முதலாளி தாளைப் புரட்டிக்கொண்டே மென்று விழுங்கினார். மூலை மேசையில் இருந்த அவள், தலையை நிமிர்த்தாமலே, மேல் மாடியில் நடுத்தூண் ஒன்று அந்த பீமின் மேல்தான் உட்காருகிறது என்பதை இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். வந்தவர் வாயை மூடிக்கொண்டு போனார். அவர் போனதும் முதலாளி சிரித்தபடி, "நீ முக்கால் இன்ஜினியர் ஆயிட்டேம்மா" என்றார்.

பாராட்டு மாதிரிதான் இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொல்லிப் பூரித்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அளந்து பேசுவார். "மீதி கால் யார்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தக் காலை வாங்கிவிடலாம் என்று அப்போது அவளுக்கு முழு நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. பள்ளியில் கணக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடைசி வருடத்தில் தொழிற்பயிற்சி நிலையத்தின் முதல்வர் பள்ளிக்கு வந்து பேசினார். கட்டடத்துக்கு இரண்டு வகை வரைபடம் உண்டு, ஒன்று அது எப்படித் தெரியும் என்று காட்டுவது, இன்னொன்று அது எப்படி நிற்கும் என்று காட்டுவது. நாங்கள் இரண்டாவதைச் சொல்லித் தருகிறோம் என்றார். கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டார். இரண்டு வருடச் சான்றிதழ், அதற்கு மேல் டிப்ளமோ, அதற்கு மேல் பட்டம், அதற்கு மேல் கட்டட வடிவமைப்புக்குக் கையெழுத்துப் போடுகிற உரிமம். "நேரா கல்லூரிக்குப் போறவங்க போய்ச் சேர்ற இடத்துக்குத்தான் நீங்களும் போவீங்க. வேலை பாத்துக்கிட்டே போவீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். கல்லூரியில் இடம் கிடைக்கிற மதிப்பெண் மகளுக்கு இருந்தும், முதல்வரின் பேச்சில் அவரும் மயங்கினார். "லிஃப்ட்ல போனா என்ன, படியேறிப் போனா என்ன, மாடி ஒண்ணுதானே" என்றார். தொழில் அப்படி, உவமையும் அப்படி.

பயிற்சி நிலையத்தில் அவள் முதலாவதாக வந்தாள். கான்கிரீட் எங்கே அழுத்தம் தாங்கும், எங்கே இழுபட்டு விரியும், விரிகிற இடத்தில் கம்பி எத்தனை, எந்தத் தடிமன், முனை எப்படி வளைய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாக அல்ல, கண்ணுக்கு முன்னால் நடப்பதாகவே தெரிந்தது. ஒரு பால்கனியைப் பார்த்தால் அதன் முதுகில் ஓடும் கம்பிகள் அவள் கண்ணுக்குத் தெரியும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

வேலை கிடைத்த அலுவலகம் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. நான்கு மேசை, ஒரு பெரிய பிரிண்டர், கண்ணாடி அடைத்த அறையில் முதலாளி. வரைவதற்குத்தான் அவளை எடுத்தார்கள். இரண்டே வருடத்தில் முதலாளி கணக்கையும் அவள் பக்கம் தள்ள ஆரம்பித்தார். முதலில் படிக்கட்டு, பிறகு பீம், பிறகு தூண், அஸ்திவாரம், பத்தாவது வருடம் முழுக் கட்டடம். அவர் வாடிக்கையாளரோடு பேசுவார், இடத்தைப் பார்ப்பார், மாலை நான்கு மணிக்குப் பச்சைப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடுவார். முதல் தாளையும் கடைசித் தாளையும் பார்ப்பார். நடுவில் உள்ளதைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு எப்போது விட்டுப்போனது என்று அவருக்கே தெரியாது.

ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் மூன்று கட்டம் இருக்கும். வரைந்தவர், வடிவமைத்தவர், ஒப்புதல். முதல் கட்டத்தில் அவளுடைய இரண்டு எழுத்து. மற்ற இரண்டிலும் முதலாளியின் பச்சை மை.

மீதி காலை வாங்குவதற்காக அவள் டிப்ளமோவில் சேர்ந்தாள். மூன்று வருடம் மாலை வகுப்பு. இரண்டாம் வருடத்தில் மகள் பிறந்தாள். கணவர் கடையிலிருந்து வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி வாசலில் காத்திருப்பார். இடைவேளைப் பத்து நிமிடத்தில் காவலாளி அறைக்குப் பின்னால் போய்ப் பால் கொடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்து உட்கார்வாள். காவலாளி நல்ல மனிதர். அவள் உள்ளே இருக்கும்போது நாற்காலியை வெளியே போட்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொள்வார். தேர்வில் அவள் இரண்டாவது இடம். முதல் இடத்தை அரை மதிப்பெண்ணில் விட்டதற்கு ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அதன்பிறகுதான் ஓட்டம் ஆரம்பித்தது. பட்டப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பித்தாள். முதல் ஜன்னலில் இருந்தவர் டிப்ளமோவைப் பார்த்துத் தலையாட்டினார். அடியில் இருந்த சான்றிதழைப் பார்த்ததும் தலையாட்டுவதை நிறுத்தினார்.

"இது பழைய பாடத்திட்டம்மா. இப்ப இதுக்கு நிலை மாத்திட்டாங்க. சமமானதுன்னு உங்க நிலையத்துல எழுதி வாங்கிட்டு வாங்க."

"அந்த நிலையத்தை மூடி மூணு வருஷம் ஆச்சுங்க."

"அப்ப அதோட பதிவேடு எங்க இருக்கோ அங்க வாங்கணும்."

பதிவேடு ஒரு கிடங்கில் இருந்தது. கிடங்குக்குச் சாவி வேறு அலுவலகத்தில் இருந்தது. அந்த அலுவலகத்தில் இருந்தவர், சமமானது என்று சொல்கிற அதிகாரம் தனக்கு இல்லை, கல்லூரிதான் சொல்ல வேண்டும் என்றார். மறுபடி முதல் ஜன்னலுக்கு வந்தபோது விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. அடுத்த வருடம் போனாள். அப்போது வயது வரம்பு வைத்திருந்தார்கள். அவள் அதை எட்டு மாதம் தாண்டியிருந்தாள்.

"எட்டு மாசம்தானேங்க" என்றாள்.

"எட்டு நாளா இருந்தாலும் அதேதான்மா" என்றார் ஜன்னல்காரர். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற வாக்கியம்.

அப்படியே ஏழெட்டு வருடம் போயிற்று. அதற்குள் அலுவலகத்தில் 'முக்கால்' என்பதே அவள் பெயராகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் 'முக்காலக்கா' என்றார்கள். சிலர் ஏன் அந்தப் பெயர் என்றுகூடக் கேட்டதில்லை.

அவளுக்கு முப்பத்தொன்பது நடக்கும்போது உரிமக் குழு ஒரு புது வழியைத் திறந்தது. பட்டம் இல்லாவிட்டாலும், பதினைந்து வருடம் வடிவமைப்பு வேலை பார்த்திருந்தால் நேராகத் தேர்வு எழுதலாம். தேர்ச்சி பெற்றால் உரிமம். ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பதினைந்து வருடமும் விண்ணப்பதாரர் தாமே வடிவமைத்தார் என்று, அவருக்கு மேலே இருந்த உரிமம் பெற்ற பொறியாளர் கடிதம் தர வேண்டும்.

அவளுக்குக் கையில் இருந்தது பத்தொன்பது வருடம். படிவத்தை அன்றைக்கே அச்செடுத்து, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, முதலாளி நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்துக் கண்ணாடி அறைக்குள் போனாள்.

அவர் படிவத்தை முழுதாகப் படித்தார். அவர் ஒரு தாளை முழுதாகப் படித்து அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"உக்காரும்மா" என்றார்.

உட்கார்ந்தாள்.

"நீ பண்ணலைன்னு நான் சொல்லமாட்டேன். இந்த ஆபீஸ்ல உன்னை விட்டா யாரு இருக்கா?"

"அப்ப கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."

"போடலாம். ஆனா இதுல என்ன கேக்குறான் பாரு. 'தாமே வடிவமைத்தார்'னு கேக்குறான். நீயே பண்ணேன்னு நான் எழுதிக் குடுத்தா, அந்தப் பத்தொன்பது வருஷம் நான் என்ன பண்ணேன்னு கேப்பான். வடிவமைத்தவர்ங்கற கட்டத்துல என் கையெழுத்து இருக்கு. என் உரிமம் போயிடும்மா."

அவள் எதிரே இருந்த பச்சைப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் கைவிட்டுடுவேனா? வேற மாதிரி எழுதித் தரேன்" என்றார்.

எழுதித் தந்தார். நல்ல தடிமனான தாளில், அலுவலக முத்திரையோடு. இவர் பத்தொன்பது வருடமாக எங்களிடம் வரைபட உதவியாளராகப் பணிபுரிகிறார், ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர் என்று. அதை வைத்து அவள் விண்ணப்பித்தாள். ஆறு வாரத்தில் பதில் வந்தது. உதவியாளர் பணி வடிவமைப்பு அனுபவமாகக் கருதப்படாது.

அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும். கணவரும் அதைத்தான் சொன்னார். "வேற இடம் பாரு. உன் கைக்கு வேலை கிடைக்காதா?" கிடைக்கும். ஆனால் எங்கே போனாலும் முதல் கட்டத்தில்தான் அவளுடைய எழுத்து விழும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது தவிர, வெட்கமான ஒரு காரணமும் இருந்தது. பாதியில் நிற்கிற கட்டடங்களை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. யாராவது தப்பாக முடித்துவிடுவார்களோ என்று பயம். இருந்துவிட்டாள்.

மூன்று வருடம் கழித்து முதலாளியின் மாப்பிள்ளை அலுவலகத்துக்கு வந்தார். வெளியூரில் படித்துப் பட்டம் வாங்கி, அந்த வருடமே உரிமமும் வாங்கியவர். முப்பது வயது இருக்கும். மரியாதைக்குக் குறைவில்லை, 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு வேலையை யாராவது தனக்குச் சொல்லித் தருவதுதான் பிடிக்காது.

அப்போது ஒரு மருத்துவமனைக் கட்டடம் நடந்துகொண்டிருந்தது. அதன் வாசலில், வண்டி வந்து நிற்பதற்காக, தூணே இல்லாமல் இரண்டரை மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கான்கிரீட் கூரை. அப்படி நீட்டுகிற கூரைக்கு உயிர் அதன் மேல்பக்கத்துக் கம்பியில்தான் இருக்கிறது. அந்தக் கம்பி கட்டடத்துக்கு உள்ளேயும் நீளமாகப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் வரைந்ததில் உள்ளே நான்கு மீட்டர் போயிற்று. கம்பி ஓடும் அந்த உள்தளத்தில் ஒரு திறப்பு விட்டு, கண்ணாடி வைத்து வெளிச்சம் வரச் செய்ய வேண்டும் என்று மருத்துவமனைக்காரர்கள் பிறகு கேட்டார்கள். மாப்பிள்ளை கணினியில் அவளுடைய கோப்பைத் திறந்து, திறப்புக்கு இடம் விட்டு, கம்பியை அறுபது சென்டிமீட்டரில் வெட்டினார். ஓரத்துக் கட்டத்தில் அவளுடைய இரண்டு எழுத்து அப்படியே இருந்தது.

மறுநாள் பிரிண்டரில் கிடந்த அந்தத் தாளை அவள் பார்த்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து, கம்பியைச் சுற்றி வட்டமிட்டு, 'இந்த நீளம் போதாது. அடியில் தாங்கும் முட்டுக்கட்டைகளை எடுத்ததும் கூரை இறங்கிவிடும். திறப்பை நகர்த்தவும்' என்று எழுதி, தேதி போட்டாள். திருத்தம் எழுதிய தாள்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அப்படிப் படம் எடுத்துக்கொண்டு, தாளோடு மாப்பிள்ளையின் மேசைக்குப் போனாள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். "இரண்டு பக்கமும் பீம் இருக்கே மேடம், அது பிடிச்சுக்கும்."

"அந்த பீம் முறுக்குற பாரத்தைத் தாங்கப் போட்டதில்ல. நான் போட்ட கணக்கு எனக்குத் தெரியும்."

"நான் சாஃப்ட்வேர்ல ஓட்டிட்டேன்." பிறகு, தணிந்த குரலில், "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்குக் கையெழுத்துப் போடப்போறது நான்" என்றார்.

அவள் முதலாளியிடம் போனாள். முதலாளி கண்ணாடிக் கதவு வழியாக மாப்பிள்ளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சின்னப் பையன், கத்துக்கட்டும்மா. நீ ஒவ்வொண்ணுலயும் மூக்கை நுழைச்சா அவனுக்கு எப்பத் தன்னம்பிக்கை வரும்?" என்றார்.

கூரைக்குக் கான்கிரீட் போட்டு மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு முட்டுக்கட்டைகளைப் பிரித்தார்கள். கடைசி வரிசையை எடுக்கும்போது கூரை சுவரோடு மடங்கி இறங்கியது. சத்தம் கேட்டு மேஸ்திரி கத்தியதால் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். பலகை பிரிக்கிறவர் ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டார். உயிர் தப்பியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. வார்டில், சுவரோரக் கட்டிலில் அந்த மனிதர் படுத்திருந்தார். அவளைவிடச் சின்னவர். தங்கையோ மனைவியோ, ஒரு பெண் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரு?" என்றார்.

"அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்ட ஆபீஸ்லேருந்து வரேன்."

"இன்ஜினியரம்மாவா?"

இருபத்திரண்டு வருடமாக ஒருவராவது அப்படிக் கேட்க மாட்டாரா என்று ஏங்கியவள் அவள். இப்போது ஆமாம் என்று சொன்னால் அந்தக் காலுக்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் தப்பித்து ஓடுவதாக இருக்கும். "நான் வரையறவ. அதைத் தப்புன்னு சொன்னேன். யாரும் கேக்கல" என்றாள்.

அந்த மனிதர் கூரையைப் பார்த்தபடி, "நீங்க சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. எனக்குக் கால் போச்சு" என்றார். ஸ்டூலில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்க்கப் போனவள், தான் வாங்கிக்கொண்டு போன பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டில் காலடியில் வைத்துவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பெண்மணி. நிதானமானவர். ஒரு கடிதத்தை எடுத்து மேசை மேல் தள்ளினார்.

"இது உங்க முதலாளி குடுத்தது. படிச்சுப் பாருங்க."

அதே தடிமனான தாள். அதே முத்திரை. பச்சை மை. இந்த இருபத்திரண்டு வருடமும் எங்கள் அலுவலகத்தின் கட்டடங்களை இவர் தாமே வடிவமைத்தார். மேற்படி கூரை உட்பட அனைத்தும் இவருடைய வடிவமைப்பே. இவருடைய அனுபவத்தின் மேல் வைத்த நம்பிக்கையில் நாங்கள் ஒப்புதல் மட்டுமே அளித்தோம்.

அவள் இரண்டு தடவை படித்தாள். மூன்று வருடம் முன்னால் அவள் கெஞ்சிக் கேட்ட வாக்கியம், எழுத்துப் பிசகாமல், படிவத்தில் இருந்த அதே சொற்களில் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு கைபேசியை எடுத்து, சிவப்பு மையில் எழுதிய தாளின் படத்தைக் காட்டினாள். கோப்பைக் கடைசியாகத் திருத்தியது எந்தக் கணினி என்று அலுவலகக் கணினியில் பார்க்கலாம் என்றும் சொன்னாள். பார்த்தார்கள். பத்து நாளில் விஷயம் தெளிவாகிவிட்டது.

அதிகாரி மறுபடி கூப்பிட்டார். "அந்தக் கூரை விஷயத்துல உங்க மேல தப்பு இல்லம்மா. எழுதிட்டேன். நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா அந்த ஆளுக்குக் கால் இருந்திருக்கும். அதையும் எழுதியிருக்கேன்."

"நன்றிங்க மேடம்."

"ஆனா இன்னொண்ணு இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மத்த கட்டடமெல்லாம் நீங்கதான் வடிவமைச்சீங்களா?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமாங்க."

"உரிமம் இல்லாம?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்றால் அதுவே குற்றம்.

"இல்லைன்னு சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி, எழுதுகிறவரைப் பார்க்காமல். "உதவி செஞ்சேன்னு சொல்லுங்க. அப்படியே எழுதிக்கிறேன்."

பக்கத்தில் இருந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். வெளியே யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் எத்தனையோ கட்டடங்களை மனதில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடம், மூன்று கல்யாண மண்டபம், அவளுடைய மகள் பிறந்த பிரசவ ஆஸ்பத்திரிக்குப் புதிதாகக் கட்டிய பகுதி. எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

"நான்தாங்க செஞ்சேன்" என்றாள்.

உரிமம் இல்லாமல் வடிவமைப்புத் தொழில் செய்ததற்காக, ஐந்து வருடத்துக்கு எந்த வழியிலும் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று அவளுக்குத் தண்டனை வந்தது. முதலாளிக்கு எச்சரிக்கை. மாப்பிள்ளைக்கு ஆறு மாதம் கையெழுத்துப் போடத் தடை. தடை முடிந்ததும் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருடம் என்றால் அவளுக்கு நாற்பத்தேழு. அதுவும் பெரிய விஷயமில்லை என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடமே உரிமக் குழு அனுபவ வழியை எடுத்துவிட்டது. போதுமான விண்ணப்பங்கள் வரவில்லையாம்.

வேலையை அவள் அந்த விசாரணை நாளிலேயே விட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது கணவர், "ஒரு பொய்தானே கேட்டாங்க" என்றார். கோபமாக இல்லை, ஆயாசமாக. இரண்டு பேரும் அதைப்பற்றிப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அவள் ஊருக்கு வெளியே, கம்பி வெட்டி வளைத்துக் கொடுக்கிற ஒரு களத்தில் இருக்கிறாள். தகரக் கொட்டகைக்குள் ஒரு மேசை. யார் யாரோ வடிவமைத்த வரைபடங்கள் வரும். எந்தக் கம்பி, என்ன நீளம், எத்தனை வளைவு என்று பட்டியல் போட்டுக் கொடுப்பாள். சில வரைபடங்களில் தப்பு இருக்கும். முதலில் போன் செய்து சொல்லிப் பார்த்தாள். "நீங்க யாருங்க?" என்று கேட்டார்கள். பிறகு, தப்பு என்று தெரிந்தால் அந்தப் பட்டியலைக் கையில் எடுக்காமல் அடியில் தள்ளி வைத்துவிடுகிறாள். தாமதம் பொறுக்காமல் அவர்களே போன் செய்வார்கள். அப்போது, "இந்த அளவு படத்துல சரியாத் தெரியலைங்க, உங்க இன்ஜினியர்கிட்ட ஒருதடவை கேட்டுச் சொல்லுங்க" என்பாள். பாதிப் பேர் கேட்டு, விழித்துக்கொண்டு, மாற்றி அனுப்புகிறார்கள். மீதிப் பேர் அதே அளவை உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள்.

போன மாதம் மகளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பள்ளியிலிருந்து பக்கத்தில் இருப்பது அந்த மருத்துவமனைதான். ஆட்டோ வாசல் கூரைக்கு அடியில் போய் நின்றது. திறப்பை நகர்த்தி, உள்ளே நான்கு மீட்டர் கம்பி விட்டு, அவள் முதலில் வரைந்தபடியே அதைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். களத்தில் கம்பி ஏற்ற வந்த மேஸ்திரி ஒருவர் அதைச் சொல்லி அவளுக்கு முன்பே தெரியும். வாசல் சுவரில் பளிங்குப் பலகை. திறந்து வைத்தவர், கட்டியவர், அதற்குக் கீழே கட்டமைப்பு வடிவமைப்பு என்று போட்டு மாப்பிள்ளையின் பெயர், அதன் பின்னால் மூன்று பட்டம்.

"என்னம்மா பாக்குற? கால் வலிக்குது" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. என் தோளைப் பிடிச்சுக்க" என்று சொல்லி, டோக்கன் வாங்க உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.